பாஸ்பரஸ் சுப்பாராவும் அம்மாச்சியின் விரல்களும்

தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ் என்று சிவகாசிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பாஸ்பரஸை இரத்தத்தில் அளக்க வழி சொன்னவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது தெரியுமா?

அவர்தான் எல்லாபிரகடா சுப்பாராவ் (1895-1948). கதர் அணிந்ததால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். 1925ல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் அவர் எழுதிய பாஸ்பரஸ் கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். காமர்ஸ் மாணவன் கண்ணுக்கு இது பெரிய வரவு!

ஆனால் இன்னொரு வரவு அவர் பெயரில் ஏறவே இல்லை. 1940ல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் பிறந்தவை அமினாப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்துகள். முதலில் இரத்தப் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டன. 1951ல் குப்னர் குழுவினர் அமினாப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 1988ல் மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்கு அமெரிக்கா அனுமதித்தது. மேற்கோள்கள் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்குச் சேர்ந்தன. சுப்பாராவ் 1948லேயே இறந்துவிட்டார்.

தீப்பெட்டி ஒட்டிய எங்கள் அம்மாச்சியின் விரல்களை முடக்குவாதம் மடக்கிப் போட்டது. டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு ஒரே ஒரு நாள் அந்த மாத்திரை. இப்போது காபி டம்ளரைத் தானே பிடிக்கிறார்.

தானாகச் சேர்ந்த நற்பெயரைப் பேரேட்டில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் கணக்குப்பதிவியல் பாடம். மேற்கோள் கணக்கும் அப்படி ஒரு பேரேடுதானே? அம்மாச்சியின் டம்ளர் அதில் ஏறாது!