ஆறு இடம் மாற்றிய துறைமுகம்: காயலின் தொடக்க வரலாறு

காயல் என்றால் உப்பங்கழி. தாமிரபரணி கடலோடு கலக்கும் வட்டாரத்தில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் முன்னோர் முதலில் குடியேறிய காயல் இவற்றுள் எது என்னும் வழக்கு நெடுநாளையது.

ஆற்றின் போக்கை அறிந்தால் இவ்வழக்கில் பாதி தீர்ந்துவிடும். பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை ஒரு காலத்தில் கடலோரத்தில் இருந்தது. வெள்ளம் கொணர்ந்த வண்டல் படிந்து கடல் விலகவே, வணிகர்கள் கடலையொட்டிப் புதிய துறையை நாடினர். அதுவே காயல். அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல் தலையெடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலூன்றியது அங்கேதான்.

ஹுர்மூஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலங்கள் காயலுக்கே வருகின்றன என்று மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். மஅபர் முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்தன, ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் கணக்கு. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வணிகத்தின் பெருமையில் ஐயமில்லை. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராயிருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது 1311இல். அதற்கு முன்பே மன்னரின் நம்பிக்கையைப் பெற்று இக்கரையில் வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. படையோடு வந்தவர்கள் நாம் என்று எழுதுவோர் இவ்வாண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பாராக!

1870களில் பேராயர் கால்டுவெல் பழையகாயல் பகுதியை ஆராய்ந்தபோது சீன, அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. போலோ கண்ட காயல் அதுவே என அவர் முடிவு கட்டினார். காயல்பட்டினத்தார் பலர் இதை ஏற்பதில்லை. துறை ஒன்றாகவும் அதைச் சார்ந்த குடியிருப்புகள் பலவாகவும் இருந்திருக்கலாம் என்பதே எமது கருத்து.

காயல்பட்டினத்துக் கல்வெட்டொன்று பள்ளிவாசலை ‘உதைய மார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்று மன்னரின் பெயராலேயே குறிக்கிறது. இத்தகைய சான்றுகள் ஏட்டில் இல்லை. சுவரிலும் மீசான் கற்களிலும் உள்ளன. பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது சுண்ணாம்பு பூசியும் சிமெண்டு குழைத்தும் அவற்றை மறைத்துவிடுகிறோம். பழைய கல் எதையும் அகற்றுமுன் படமெடுத்து, எழுத்துகளைப் படியெடுத்து வைத்திட வேண்டுகிறோம். பழைய ஓலை, செப்பேடு, கணக்குப் புத்தகம் வைத்திருப்போர் ஜமாஅத் அலுவலகத்தில் காட்டினால் நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.