ஒலிவ மரத்தின் கிளைகள்: ரோமர் 11ஐக் கிறிஸ்தவம் வாசித்த வரலாறு

கி.பி. 57 வாக்கில் ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் 9 முதல் 11 வரையிலான அதிகாரங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. தீர்க்கதரிசிகள் முன்னறிவித்த மேசியா இயேசுதான் என்றால், அந்தத் தீர்க்கதரிசிகளின் சொந்த ஜனம் அவரை ஏன் ஏற்கவில்லை? இந்தக் கேள்வி பவுலை உலுக்கியது. தன் இனத்தார் மீட்படைவதற்காகத் தானே கிறிஸ்துவைவிட்டு விலக்கப்படவும் சம்மதம் என்று 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே துக்கம் பொங்க எழுதுகிறார். 11ஆம் அதிகாரத்தில் அவர் தரும் விடை ஓர் ஒலிவ மரத்தின் உருவில் வருகிறது. நல்ல மரத்தின் சில கிளைகள் முறிந்தன. அந்த இடத்தில் காட்டு ஒலிவக் கிளைகள் ஒட்டவைக்கப்பட்டன. முறிந்தவற்றையும் மறுபடி ஒட்டவைக்கத் தேவன் வல்லவர். புறஜாதியாரின் நிறைவு வந்து சேரும்வரை இஸ்ரவேலில் ஒரு பங்கினருக்கு மனக்கடினம் உண்டாகியிருக்கிறது. அதன்பின் இஸ்ரவேல் முழுவதும் இரட்சிக்கப்படும் என்பது 25, 26ஆம் வசனங்களின் சாரம்.

யூதர் ஒருநாள் மேசியாவை ஏற்பார்கள் என்ற கிறிஸ்தவ எதிர்பார்ப்பு பெரும்பாலும் இந்த இரு வசனங்களில்தான் வேர்கொண்டது. அந்த எதிர்பார்ப்பு யூதரைக் காத்த காலமும் உண்டு, வதைத்த காலமும் உண்டு. வசனம் மாறவில்லை. அந்த நாளைக் கொண்டுவருவது யார் வேலை என்பதற்குக் கிறிஸ்தவர்கள் தந்த பதில்தான் மாறிக்கொண்டே வந்தது. இக்கட்டுரை அந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறது.

இரண்டு வருகைகள்

160 வாக்கில் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின் எழுதிய நூலில் திரிஃபோ என்ற யூதர் எழுப்பும் மறுப்பு எளிமையானது, கூர்மையானது. தானியேல் 7ஆம் அதிகாரம் மகிமையோடு வரும் ஒருவரைக் காட்டுகிறது; நீங்கள் சொல்பவரோ மரத்தில் தூக்கப்பட்டு மாண்டவர்; அப்படி மாண்டவன் சபிக்கப்பட்டவன் என்று நியாயப்பிரமாணம் சொல்கிறதே என்கிறார் அவர். ஜஸ்டினின் பதில்: தீர்க்கதரிசனங்கள் இரண்டு வருகைகளைச் சொல்கின்றன, ஒன்று தாழ்மையில், மற்றொன்று மகிமையில். பின்வந்த கிறிஸ்தவ விளக்கங்கள் அத்தனையும் இந்தப் பகுப்பின் மேல் நிற்கின்றன. நிறைவேறாதது போலத் தோன்றிய தீர்க்கதரிசனமெல்லாம் இரண்டாம் வருகைக்கு ஒதுக்கப்பட்டது. தாங்கள் குத்தினவரை நோக்கிப் பார்த்துப் புலம்புவார்கள் என்னும் சகரியா 12:10உம் அப்படியே. ஆனால் ஜஸ்டின் அந்தப் புலம்பலில் மனந்திரும்புதலைக் காணவில்லை. காலம் கடந்த வருத்தத்தையே கண்டார்.

யூதர் தரப்பு வாதமும் அக்காலத்திலேயே முதிர்ந்திருந்தது. ஏசாயா 53இல் பாடுபடும் தாசன் இஸ்ரவேல் ஜனம் முழுவதையும் குறிக்கிறான் என்று கற்றறிந்த யூதர்கள் தன்னிடம் வாதிட்டதை, 248 வாக்கில் கிறிஸ்தவத்தை எதிர்த்த கெல்சுஸுக்கு எழுதிய மறுப்பில் ஓரிகன் பதிவுசெய்கிறார். இந்த விளக்கம் 11ஆம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி புதிதாகக் கண்டுபிடித்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். ஓரிகனின் பதிவு அதைப் பொய்யாக்குகிறது.

386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதருக்கு எதிராக ஆற்றிய பிரசங்கங்களில் தீர்க்கதரிசிகளின் கண்டனங்கள் மட்டும் மிஞ்சின, வாக்குத்தத்தங்கள் காணாமல்போயின. அகஸ்டின் வேறு வழியில் சென்றார். ‘கடவுளின் நகரம்’ 20ஆம் புத்தகத்தில், கடைசி நாட்களில் எலியா வந்து வேதத்தை விளக்க, யூதர்கள் கிறிஸ்துவை விசுவாசிப்பார்கள் என்கிறார். சகரியாவின் புலம்பலும் அவர் கையில் கிருபையால் வரும் மனந்திரும்புதலாக மாறுகிறது. அதுவரை யூதர் வாழ வேண்டும். அவர்கள் கையிலுள்ள வேதமே கிறிஸ்தவத்துக்குச் சாட்சி. அவர்களைக் கொல்லாதிருக்கச் சொல்லும் 59ஆம் சங்கீதத்துக்கு இதுவே பொருள் என்றார். இதில் தாழ்த்தலும் கலந்திருக்கிறது. யூதர் சிதறுண்டு அடங்கிக் கிடப்பதும் அந்தச் சாட்சியின் பகுதி என்றுதான் அவர் கருதினார். என்றாலும் கொல்லக்கூடாது என்பதற்கு இங்கே ஓர் இறையியல் காரணம் கிடைத்தது.

அந்தக் காரணத்தின் வலிமை 1146இல் சோதிக்கப்பட்டது. இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள்திரட்டும் பரபரப்பில், ரைன் நதிக்கரை நகரங்களில் ருடால்ஃப் என்ற துறவி யூதர்களைக் கொல்லும்படி மக்களைத் தூண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிலுவைப்போரின் தலையாய பிரசங்கியான கிளேர்வோ பெர்னார்டு அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அவர் எடுத்த ஆயுதம் ரோமர் 11. புறஜாதியாரின் நிறைவுக்குப் பிறகு மீட்படையப்போகிறவர்களை இப்போதே அழித்துவிட்டால் அந்த வாக்குத்தத்தம் யாரிடம் நிறைவேறும் என்பது அவர் வாதத்தின் உயிர். கடிதத்தோடு நிற்காமல் மைன்ஸ் நகருக்கே நேரில் போய் ருடால்ஃபை மடத்துக்குத் திருப்பி அனுப்பினார். பான் நகர் எஃப்ராயிம் என்ற யூத வரலாற்றாளர் இதை நன்றியோடு குறித்து, பெர்னார்டு இதற்காகக் காசு ஏதும் வாங்கியதாகக் கேள்விப்படவில்லை என்றும் சேர்த்திருக்கிறார். ஒரு வேதவசனம் உயிர்களைக் காத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை.

பொறுமை இழந்த நூற்றாண்டுகள்

அடுத்த நூற்றாண்டில் காத்திருப்பு வற்புறுத்தலாக மாறியது. 1263 ஜூலையில் பார்சலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், யூத மதத்திலிருந்து மாறிய பாவ்லோ கிறிஸ்தியானிக்கும் ரபி நஹ்மானிடஸுக்கும் வாதம் நடந்தது. மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்பதற்கு தல்மூதிலிருந்தே சான்று காட்டுவது பாவ்லோவின் உத்தி. நஹ்மானிடஸ் ஏசாயா 2ஐக் கையிலெடுத்தார். மேசியாவின் நாளில் பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் என்கிறது தீர்க்கதரிசனம். இயேசுவின் நாள்முதல் இன்றுவரை உலகம் கொள்ளையாலும் இரத்தத்தாலும் நிறைந்திருக்கிறதே என்றார். போர்க்கலையை விட்டுவிட்டால் அரசருக்கும் அவருடைய வீரர்களுக்கும் எவ்வளவு சிரமமாகிவிடும் என்று அரசர் முகத்துக்கு நேராகவே சொன்னதாக அவருடைய குறிப்பு கூறுகிறது. அரசர் அவருக்குப் பணமுடிப்புக் கொடுத்து அனுப்பினார். ஆனாலும் சில ஆண்டுகளில் அவர் ஸ்பெயினைவிட்டு எருசலேம் போக நேர்ந்தது. போர் ஓயாத உலகம் பற்றிய நஹ்மானிடஸின் கேள்விக்கு ஜஸ்டினின் ‘இரண்டாம் வருகை’யைத் தவிர வேறு பதில் கிறிஸ்தவத்திடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விசுவாசிக்கு அது போதுமான பதில். வெளியே நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1413, 1414இல் ஸ்பெயினின் தோர்தோசாவில் நடந்த இதுபோன்ற வாதம் 69 அமர்வுகள் நீண்டது. 1492இல் ஸ்பெயின் யூதரை வெளியேற்றியது. 1584இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி, ரோமாபுரி யூதர்கள் வாராவாரம் கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்டாக வேண்டும் என்று கட்டளையிட்டார்.

லூத்தரிடம் இதே சரிவு ஒரே ஆயுளுக்குள் நிகழ்ந்தது. 1523இல், யூதர்களை நாய்களைப்போல நடத்திவிட்டு அவர்கள் மனம் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி என்று அவர் கேட்டார். 20 ஆண்டுகள் கழித்து, 1543இல், ஜெப ஆலயங்களை எரிக்கச் சொன்னார். எதிர்பார்த்த அறுவடை வரவில்லை என்ற ஏமாற்றம் இந்த வெறுப்புக்கு முழுக் காரணம் அல்ல. ஆனால் முக்கியமான ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கிலாந்து

கால்வின் ‘இஸ்ரவேல் முழுவதும்’ என்பதை யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழுச் சபை என்று விளக்கினார். அவர் வாழ்ந்த ஊரிலேயே அச்சான 1560ஆம் ஆண்டின் ஜெனீவா வேதாகமத்தின் ஓரக்குறிப்போ யூத இனம் திரளாகச் சபையில் சேரும் என்றது. ஆங்கிலப் பியூரிட்டன்கள் பற்றிக்கொண்டது அந்த ஓரக்குறிப்பை. 1621இல் ஹென்றி ஃபிஞ்ச் என்ற மூத்த வழக்கறிஞர், யூதர்கள் மனந்திரும்பித் தங்கள் தேசத்தில் மீண்டும் ஓர் அரசை அமைப்பார்கள், மற்ற அரசர்கள் அதைப் பணிவார்கள் என்று நூல் எழுதினார். இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் சினந்து அவரைச் சிறையில் போட்டார். 1640களில் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை தயாரித்த பெரிய வினாவிடை, ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற விண்ணப்பத்துக்குள்ளேயே யூதரின் அழைப்புக்கான ஜெபத்தையும் சேர்த்தது.

1650இல் ஆம்ஸ்டர்டாம் ரபி மெனாசே பென் இஸ்ரவேல் ‘இஸ்ரவேலின் நம்பிக்கை’ நூலை வெளியிட்டார். பூமியின் கடைமுனைவரை யூதர் சிதறிய பிறகே மீட்பு வரும்; 1290இல் யூதரை வெளியேற்றிய இங்கிலாந்து மட்டும் விடுபட்ட இடமாக நிற்கிறது என்பது அவர் கணக்கு. யூதர் இங்கிலாந்து வந்தால் சுவிசேஷம் கேட்டு மனம் மாறுவார்கள் என்பது பியூரிட்டன்களின் கணக்கு. இரு தரப்பும் வெவ்வேறு மேசியாவுக்காக ஒரே கதவைத் தட்டின. 1655 டிசம்பரில் இங்கிலாந்தின் ஆட்சித்தலைவர் கிராம்வெல் கூட்டிய ஒயிட்ஹால் மாநாடு முடிவு எதையும் எடுக்கவில்லை. ஆனால் யூதர் வருவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு ஜெப ஆலயத்துக்கும் கல்லறைக்கும் வழி பிறந்தது. தான் தோற்றுவிட்டதாக எண்ணியே மெனாசே 1657இல் இறந்தார்.

ஜெர்மனியில் இந்த எதிர்பார்ப்பு நிறுவன உருப்பெற்றது ஹாலே நகரில். 1728இல் காலன்பெர்க் அங்கே யூதருக்கான நிறுவனத்தைத் தொடங்கி, யித்திஷ் மொழியில் நூல்கள் அச்சிட்டு, ஊர் ஊராகச் சென்று பேசுவோரை அனுப்பினார். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்குவை அனுப்பிய பியட்டிச வட்டமும் இதே ஹாலேதான். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சேயின் இந்துஸ்தானி இலக்கணம் 1740களில் அச்சானது காலன்பெர்க்கின் அந்த யூத நிறுவன அச்சகத்தில். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த இயக்கமும் யூதரின் மனமாற்றத்துக்குக் காத்திருந்த இயக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

நிலமும் கால அட்டவணையும்

1809இல் லண்டனில் யூதரிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பும் சங்கம் பிறந்தது. 1841இல் எருசலேமுக்கு ஆங்கிலிக்கன், பிரஷ்யத் திருச்சபைகள் சேர்ந்து ஓர் ஆயரை நியமித்தன. அவர் மைக்கேல் சாலமன் அலெக்சாண்டர், முன்னாள் ரபி. தொடக்கச் சபையில் இருந்ததுபோல யூத ஆயர் ஒருவர் சீயோனில் அமர்வதைத் தீர்க்கதரிசன நிறைவேற்றத்தின் முதல் அடையாளமாகப் பலர் கொண்டாடினார்கள். 1845இல் அவர் இறந்தார். யாஃபா வாசலருகே அவருடைய ஆலயம் 1849இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உள்ளே எபிரேய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அதே காலத்தில் போதகர் ஜான் நெல்சன் டார்பி விளக்கத்தின் திசையையே திருப்பினார். பியூரிட்டன்களுக்கு யூதரின் மனமாற்றம் சபைக்குள் நிகழ்வது, உலகெங்கும் எழுப்புதலைக் கொண்டுவருவது. டார்பி இஸ்ரவேலையும் சபையையும் இரு வேறு ஜனங்களாகப் பிரித்தார். சபை முதலில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். பின் யூதருக்கு மகா உபத்திரவம். அதில் மீதியானவர்கள் மேசியாவை ஏற்பார்கள். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதை வசனத்தின் அடியிலேயே குறிப்பாக அச்சிட்டுப் பரப்பியது. சிகாகோவின் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1891இல் 413 பேர் கையொப்பத்தோடு, பாலஸ்தீனத்தை யூதருக்குத் தரும்படி அமெரிக்க அதிபருக்கு மனு அளித்தார், ராக்ஃபெல்லரும் ஜே.பி. மார்கனும் அதில் ஒப்பமிட்டவர்கள். 1948இல் இஸ்ரேல் நாடு உருவானதற்கும் 1967 போருக்கும் பிறகு இந்தக் கால அட்டவணை நாளிதழ்ச் செய்திகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. 1970இல் வந்த ஹால் லிண்ட்சேயின் நூல் அதன் உச்சம்.

இந்த மரபு யூதரை நேசிக்கிறது. அந்த நேசம் உண்மையானது. ஆனால் சகரியா 13:8ஐ எதிர்காலத்துக்கு வைத்து, தேசத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டபின் மூன்றாம் பங்கு மேசியாவை ஏற்கும் என்று இதன் போதகர்கள் பலர் சொல்லும்போது, அந்த எண்ணிக்கையை அவர்கள் எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறார்கள்! பவுல் இதயம் நொறுங்கி எழுதிய இடத்தில் வரைபடம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அவுஷ்விட்சுக்குப் பின்

மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாளர் ஜூல் ஐசக், கிறிஸ்தவப் போதனையில் ஊறியிருந்த யூத இகழ்ச்சியை நூலாக்கினார். 1960 ஜூனில் திருத்தந்தை 23ஆம் யோவானை நேரில் சந்தித்தார். அந்தச் சந்திப்பு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஓர் அறிக்கைக்கு வழிவகுத்தது. 1964 வரைவில் யூதர் இறுதியில் திருச்சபையோடு இணைவார்கள் என்ற நம்பிக்கை வெளிப்படையாக இடம்பெற்றது. மதமாற்றமா மரணமா என்று கேட்டால் அவுஷ்விட்சுக்குப் போகவே தயார் என்று ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷெல் எதிர்த்தார். 1965 அக்டோபர் 28இல் 2,221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் பெற்று நிறைவேறிய ‘நோஸ்த்ரா ஏட்டாட்டே’ என்ற இறுதி அறிக்கையில் அந்த வாசகம் இல்லை. தேவன் மட்டுமே அறிந்த ஒரு நாளில் எல்லா ஜனங்களும் ஒரே குரலில் அவரைத் தொழுவார்கள் என்ற செப்பனியாவின் தீர்க்கதரிசனம் அந்த இடத்துக்கு வந்தது. நம்பிக்கை கைவிடப்படவில்லை, நாளைக் குறிக்கும் உரிமை கைவிடப்பட்டது.

சுவீடன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1976இல் மேலும் ஒரு படி போனார். ரோமர் 10ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியிலிருந்து 11இன் முடிவுவரை பவுல் கிறிஸ்துவின் பெயரையே எழுதவில்லை, முடிவிலுள்ள துதியும் தேவனை மட்டுமே துதிக்கிறது, ஆகவே பவுல் யூதரின் மனமாற்றத்தைப் பேசவில்லை என்றார். கவனிப்பு அருமையானது, முடிவு அதைத் தாண்டி ஓடுகிறது. யூதருக்குத் தனிவழி உண்டு என்று பவுல் நினைத்திருந்தால் 9ஆம் அதிகாரத்தின் கண்ணீருக்கு இடமே இல்லை. அவிசுவாசத்தில் நிலைத்திராவிட்டால் ஒட்டவைக்கப்படுவார்கள் என்று 11:23உம் சொல்கிறது. 1989இல் வில்லோபேங்க் அறிக்கையில் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் யூதருக்குச் சாட்சி சொல்லும் கடமையை வலியுறுத்தியது இந்த அடிப்படையில்தான்.

2015 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், யூதரைக் குறிவைக்கும் நிறுவன ரீதியான மிஷன் பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை, ஆதரிப்பதுமில்லை என்றது. கிறிஸ்தவர் தங்கள் விசுவாசத்துக்கு யூதரிடமும் தாழ்மையோடு சாட்சி சொல்ல வேண்டும் என்றும் அதே பத்தியில் சொன்னது. இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று இரு பக்கத்தாரும் கேட்கிறார்கள். பவுலிடமும் இந்த இழுபறி உண்டு. ஆனால் ஒலிவ மர உவமையில் அவர் எச்சரிப்பது முறிந்த கிளைகளை அல்ல, ஒட்டப்பட்ட கிளைகளை. முறிந்த கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டாதே என்று 11:18இல் ரோமாபுரியின் புறஜாதி விசுவாசிகளிடம் சொல்கிறார். 25, 26ஐப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி 18ஐத் தாண்டிக் குதித்தே அங்கே போயிருக்கிறது.