ரஸ்கின் கண்ட மரியன்னை

ஆங்கிலக் கலைத் திறனாய்வாளருள் தலைசிறந்தவராக மதிக்கப்பெற்ற ஜான் ரஸ்கின் 1819ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தாயார் மார்கரெட் அம்மையார் மகனை அருகிருத்தி நாள்தோறும் விவிலியம் ஓதுவித்தார். அக்குடும்பத்தினர் பற்றியிருந்த கடுமையான புராட்டஸ்டண்டு நெறி, மரியன்னை வழிபாட்டைப் பிழையென ஒதுக்கியது. அந்நெறியில் வளர்ந்தவர், கோயில்தோறும் அன்னையின் ஓவியம் விளங்கும் இத்தாலியில் எதனைக் கண்டார்?

1845இல் பெற்றோர் துணையின்றி முதன்முறையாக அங்குச் சென்ற ரஸ்கின், வெனிஸ் நகரத்துப் புனித ரோக்கோ சங்க மண்டபத்தில் தின்டொரெட்டோவின் ஓவியங்களைக் கண்டு திகைத்து நின்றார். அவற்றுள் ஒன்று, வானதூதர் மரியாளுக்கு இறைமகன் பிறப்பை அறிவிக்கும் காட்சி. பிற ஓவியர் பலரும் அன்னையை எழில்மாடத்தில் அமர்த்த, இவரோ சுண்ணம் உதிர்ந்து செங்கல் தெரியும் பாழ்மனையில் அமர்த்தினார். வெளியே தச்சுக் கருவிகள் கிடக்கின்றன. மறு ஆண்டு வெளிவந்த ‘தற்கால ஓவியர்கள்’ இரண்டாம் தொகுதியில், இடிந்த மனை பழைய யூத நெறியென்றும், எஞ்சி நிற்கும் மூலைக்கல் கிறிஸ்துவென்றும் ரஸ்கின் பொருள் உரைத்தார். கூர்மையான விளக்கமே. ஆயினும் அதில் சுவரைப் பற்றிய சொற்கள் பல. மரியாளைப் பற்றியன சில. தாய் கற்பித்த விவிலியத்தையே அவர் ஓவியத்திலும் படித்தார் எனலாம்.

1858இல் தூரின் நகரில் வெரொனேசே வரைந்த ஷீபா அரசியின் ஓவியம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. சிறு புராட்டஸ்டண்டுக் கோயிலொன்றில் கேட்ட பிரசங்கமோ கசந்தது. இளமையில் பற்றிய நெறி தம்மை விட்டகன்றது அங்கேதான் எனப் பின்னாளில் அவரே எழுதினார். எனினும் அவர் கத்தோலிக்கராகவும் மாறிவிடவில்லை.

இம்மாற்றத்தின் பயனைத் தொழிலாளர் கண்டனர். 1870களில் அவர்களுக்கென எழுதிய மடல்களில், பிலிப்போ லிப்பியின் மரியன்னை ஓவியத்தைப் பாடப் படமாக ரஸ்கின் எடுத்துக்காட்டினார். கத்தி முதலிய எஃகுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரத் தொழிலாளருக்காக 1875இல் ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். 1877இல் வெனிஸில் அதற்கென ஓர் ஓவியம் வாங்கினார். லியொனார்டோவின் ஆசிரியராகிய வெரோக்கியோவின் கைவண்ணம் எனக் கருதப்பெறுவது அது. அதிலும் பின்னணியில் இடிந்த கோயிலொன்று நிற்கிறது. ஆனால் முன்னே, படுத்திருக்கும் குழந்தையை நோக்கிக் கைகூப்பும் தாயிடமிருந்து பார்ப்பவர் கண் எளிதில் அகலாது.

1975இல் அவ்வோவியம் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. ‘ரஸ்கின் மடோன்னா’ என்பதே இன்றும் அதற்கு வழங்கும் பெயர்.