பெயரிடும் கை

தோழர்களே, பெயரால் வரும் வலி நமக்குப் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையாக எறியப்பட்டதை எடுத்து முகப்பில் அச்சிட்டார். அயோத்திதாசரோ நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால் ‘ஆதிதிராவிடர்’ அரசு ஏடுகளில் ஏறியது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுபவை. ஆனால் மூன்றும் நம்மவர் தேர்ந்தவை. காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ அப்படியல்ல. 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் அச்சொல்லைச் சட்டத்தில் சேர்க்க முனைந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள்.

இதைப் பெருமையோடு சொல்லும் நாம், ஊனமுற்றோர் விஷயத்தில் எங்கே நிற்கிறோம்?

2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலி உரையில் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தார். தெய்விக உறுப்புடையவர் என்று பொருள். ஊனமுற்றோர் அமைப்புகள் பல எதிர்த்தும், துறையின் இந்திப் பெயரிலேயே அது ஏறிவிட்டது. கடவுளின் மக்கள் என்று அழைத்துவிட்டுக் கோயில் வாசலில் நிறுத்தியவர்களை நாம் அறிவோம். தமிழகத்தில் கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘மாற்றுத்திறனாளி’ அரசுச் சொல்லானது. பலர் மனமுவந்து ஏற்றார்கள். ‘எந்த மாற்றுத் திறனை நாங்கள் காட்ட வேண்டும்? சாய்தளம் கட்டுங்கள், போதும்’ என்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எதிரில் இருப்பவரைக் கேட்டே அழைப்போம்.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. 1920இல் அம்பேத்கர் தொடங்கிய இதழின் பெயர் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன். அக்காலத்தில் அது ஒரு போர்க்குரல். நூறாண்டு கழித்தும் நாம் அதே உவமையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: குருட்டுச் சமூகம், செவிட்டு அரசு, ஊமைச் சனம்.

சென்ற ஆண்டு இம்மேடையில் நம்மில் ஒருவர், ‘ஊமைகளாய்க் கிடந்தோம்’ என்றார். கைதட்டினோம். அருகிலிருந்தவர் எழுதிக் காட்டியதைப் படித்த காது கேளாத தோழர் ஒருவர் அதே தாளில் எழுதி நீட்டினார்: ‘நான் கையால் பேசுகிறேன். உங்களுக்குத்தான் என் மொழி தெரியவில்லை.’

யோசித்தால், அந்த வரி நமக்கே பொய். நாம் ஊமைகளாய் இருக்கவில்லை, பேசவிடாமல் அடித்தார்கள். ஊமை என்றதும் அடித்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான். அச்சிட்ட உரையில் ‘பேசவிடப்படாமல் கிடந்தோம்’ என்று திருத்தினோம்.

அந்தத் தோழர் இன்றும் வந்திருக்கிறார். சைகைமொழி பெயர்ப்பவரை இன்றும் நாம் ஏற்பாடு செய்யவில்லை.