திரைக்கு வராத தோட்டம்: இந்தியத் திரைப்படத்தின் சமூக நடப்பியலும் மலேசியத் தமிழர் வாழ்வும்

ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினித் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதி அமைந்துள்ளது. மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. அங்குள்ள தமிழ்ப்பள்ளி மட்டும் தன் பெயரில் தோட்டத்தை இன்னும் தாங்கி நிற்கிறது. இவ்வட்டாரப் பள்ளிகளில் பயிலும் மாணவர் ஒருவரிடம் 'லயம்' என்றால் என்ன, 'பெரட்டு' என்றால் என்ன என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. ஆசிரியர் சொல்லி விளக்கலாம். காட்டி விளக்க வேண்டுமாயின் எந்தப் படத்தைக் காட்டுவது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

தோட்டத் தமிழர் திரைப்படத்திற்கு அயலார் அல்லர். திடலில் இரு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். சென்னையில் உருவான படங்களுக்கு மலாயாவும் சிங்கப்பூரும் இலங்கையும் நல்ல சந்தைகளாக விளங்கின. எனினும், பார்வையாளராக இருந்த இம்மக்கள் கதைமாந்தராக ஆகவில்லை. கடல் கடந்த தமிழர் அப்படங்களில் தோன்றாமலும் இல்லை. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' இரங்கூனில் வாழும் சகோதரர்களைக் கொண்டே கதையைத் தொடங்குகிறது. ஆனால், அங்கே அவர்கள் வசதி படைத்தவர்கள். தாயகம் திரும்பிய பின்னரே இளையவன் ஏமாற்றத்தையும் வறுமையையும் காண்கிறான். தமிழ்நாட்டுச் சமூகத்தைச் சாடுவதற்கு அவ்வமைப்பு ஏற்றதாக இருந்தது. அதன் விளைவாக, அயல்நாடு என்பது செல்வம் ஈட்டும் இடம் என்னும் படிமம் மேலும் உறுதிப்பட்டது. பால்வெட்டி வாழ்ந்தவரின் நாட்கூலிக்கு அப்படிமத்தில் இடமில்லை.

சமூக நடப்பியல் இந்தியத் திரைப்படத்திற்குக் கைவராத ஒன்றன்று. நிமாய் கோஷ் 1950இல் வங்காளப் பிரிவினை ஏதிலியரைப் பற்றிச் 'சின்னமூல்' என்னும் படத்தை உருவாக்கினார். 1955இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. அதே நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து 1960இல் 'பாதை தெரியுது பார்' என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய அப்படத்திற்கு எம். பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் பாடல் எழுதினார். பின்னர் ஜெயகாந்தனே தமது 'உன்னைப்போல் ஒருவன்' புதினத்தைப் பாடல்கள் இன்றிப் படமாக்கினார். சேரி மக்களின் வாழ்வைக் காட்டிய அப்படம் தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. எனினும், இவ்விரு படங்களும் வணிகத்தில் தோற்றன. பாடலும் நட்சத்திரமும் இல்லாத படத்தை வாங்க விநியோகத்தர் தயங்கினர் என்பதைக் காரணமாகக் கூறுவது மரபு. அக்கூற்றில் உண்மை உண்டு. அதுவே முழு உண்மையாகாது. எக்கதை திரைக்கு உரியது என்னும் தெரிவு முதலீட்டுக்கு முன்பே, கதையைத் தேர்ந்தெடுப்பவரின் மனத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

இதற்கு அகிலனின் புதினங்களே தக்க சான்று. அவருடைய 'பாவை விளக்கு' 1960இல் படமாயிற்று. 'வாழ்வு எங்கே' 1963இல் 'குலமகள் ராதை' ஆயிற்று. 'கயல்விழி' 1978இல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என்னும் பெயரில் எம்.ஜி.ஆர். நடிப்பில் வெளிவந்தது. ஆக, அவர் எழுதிய காதலும் குடும்பமும் அரச வரலாறும் திரையேறின. மலேசியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' மட்டும் திரைக்கு வரவில்லை. எழுத்தாளர் ஒருவரே, வாசகரும் பெரும்பாலும் ஒருவரே. திரையுலகம் கைவிட்டது எதனை என்பது இதனால் விளங்கும்.

தேயிலைத் தோட்டத்தின் நிலையும் இதனின் வேறன்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினம், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. அதனைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வெளிவந்தது. ஆங்கில மூலம் தோன்றி நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. கங்காணியின் ஆசைமொழியும், தீராத முன்பணக் கடனும், கொள்ளைநோயும் அப்படத்தில் வலிமையாகப் பதிவாகியுள்ளன. ஆயினும், புதினத்தில் தொழிலாளர்பால் பரிவு கொண்டு போராடும் மருத்துவர், திரையில் மதமாற்றத்தில் முனைந்து ஆடிப்பாடும் கேலிச்சித்திரமாக மாறிவிட்டார். கந்தல் உடையும் புழுதி படிந்த முகமும் மட்டுமே நடப்பியல் ஆகிவிடா. யார் யாருக்கு என்ன செய்தார் என்னும் உறவு பிழைபட்டால், வரலாறும் உடன் பிழைபடும்.

மலாய்த் திரைப்பட வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. சிங்கப்பூர்ப் படப்பிடிப்புக் கூடங்களில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், பணி மசும்தார் முதலிய இந்திய இயக்குநர் பலர் பணியாற்றினர். அச்சூழலில் உருவான பி. ராம்லியின் முதல் இயக்கமே ரிக்சா இழுப்பவரின் கதையாகிய 'பெனாரெக் பெச்சா' (1955). மலாய் உழைப்பாளி ஒருவர் திரையில் நாயகர் ஆனார். அதே நாட்டின் பால்வெட்டுத் தொழிலாளி ஆகவில்லை. மலேசியாவின் முதல் தமிழ்ப்படமாகக் குறிப்பிடப்படும் 'இரத்தப் பேய்' (1969) என்பதன் தலைப்பே அதன் பொருளை உணர்த்தும்.

அவ்வாண்டுகளிலேதான் தோட்டத் துண்டாடலும் குடியுரிமைச் சிக்கலும் இம்மக்களை அலைக்கழித்தன. 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் பல்லாயிரவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் விற்கப்பட, லயங்களை விட்டு வெளியேறியோர் பலர் நகரோரப் புறம்போக்கு வீடுகளில் குடியேறினர். இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சி நிகழ்ந்தபோது அதனைப் பதிவுசெய்யும் கதைப்படம் ஒன்றுகூட இல்லை.

2005இல் தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' இந்த அமைதியைக் கலைத்தது எனலாம். அறுபதுகளின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில், பல்கலைக்கழகம் செல்ல விழையும் பெண்ணின் கதை அது. பெரும் மோதலோ வில்லனோ இல்லை. விடியற்காலை, வாளி, சமையல், பள்ளி, பணத்தட்டுப்பாடு ஆகியவை மெதுவாக நகர்கின்றன. சென்னைப் படங்களுக்குப் பழகிய நம் மாணவர்க்கு அந்நிதானம் சலிப்பூட்டக்கூடும். இருப்பினும், கல்வியால் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறையின் ஏக்கத்தை அதனளவு உண்மையாகக் காட்டிய படம் அதற்கு முன்னர் நமக்கு வாய்த்ததில்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வெளிவந்தது. ரஞ்சித்தின் 'கபாலி' 2016 ஜூலையில் வந்தது. ஏழு மாத இடைவெளியில் வந்த இவ்விரு படங்களும் தோட்டத்திலிருந்து குண்டர் கும்பலுக்குச் செல்லும் பாதையையே பேசுகின்றன. 'கபாலி'யில் கூலி உயர்வுக்காகப் போராடிய வரலாறு ஒரு பின்னோக்குக் காட்சியாக இடம்பெறுகிறது. அதற்காக அப்படத்திற்கு நன்றி கூறலாம். ஆனால், அங்கே நாயகன் கோட்டு அணிந்து தலைவனாகிறான். வன்முறை அவனுக்கு அழகு சேர்க்கிறது. 'ஜகாட்'டில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாழும் அப்போய் என்னும் சிறுவன், கற்பனைத் திறனும் குறும்பும் உடையவன். தந்தை கண்டிப்பால் அவனைத் திருத்த முயல்கிறார். சிற்றப்பன்மாருள் ஒருவர் கும்பலிலும் மற்றொருவர் போதையின் பிடியிலும் சிக்கியவர்கள். தந்தையின் அடிக்கும் பள்ளியின் புறக்கணிப்புக்கும் இடையில் ஒரு குழந்தையின் அறிவு எவ்வாறு வீணாகிறது என்பதே கதை. அதனைப் பார்க்கும் ஆசிரியர் எவரும் தம் வகுப்பின் பின்வரிசையை எண்ணாமல் இருத்தல் இயலாது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழி அடிப்படையில் பிரிவுகள் வகுத்தமை பெரும் விவாதத்தை எழுப்பியது. அப்பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்ட பின், 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படத்திற்கான விருதைப் பெற்றது.

இப்படத்தின் பேச்சுமொழியைக் கேட்டு முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் உள்ளனர். வசைச்சொற்கள் மிகுதி என்பது மெய்யே. தொடக்கப்பள்ளியில் அதனை முழுமையாகத் திரையிடல் பொருந்தாது. ஆயினும், 'ஜகாட்' என்னும் தலைப்பே, தீயவன் என்னும் பொருளுடைய 'ஜஹாட்' என்ற மலாய்ச்சொல் நம் மக்கள் நாவில் திரிந்து வழங்கிய வடிவமன்றோ? வீட்டிலும் பள்ளியிலும் அப்போய்க்கு அவர்கள் இட்ட பெயரும் அதுவே.