கேட் குர்மே தொழிலாளர் தகராறு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய கேட் குர்மே விமான உணவு நிறுவனத்தில் 2005 ஆகஸ்ட் 10 அன்று வெடித்த தகராறு. ஒரே நாளில் ஏறத்தாழ 670 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சவுத்ஆல், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்கள். மறுநாள் அவர்களுக்கு ஆதரவாகப் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப்பணியாளர்கள் வேலையை நிறுத்தியதால் அந்நிறுவனத்தின் ஹீத்ரோ விமானங்கள் முற்றிலுமாக நின்றன. விமானத் துறையில் வேலைகளை வெளி நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடும் அவுட்சோர்சிங் முறை பற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டும் முதன்மையான நிகழ்வுகளில் இது ஒன்று.

பின்புலம்

சவுத்ஆலில் பஞ்சாபியர் குடியேற்றம் 1950களில் தொடங்கியது. முதலில் அவர்களுக்கு வேலை தந்தவை ரப்பர் ஆலை போன்ற சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள். 1965இல் வுல்ஃப் ரப்பர் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் அக்காலத்தது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் ஹீத்ரோவே அவ்வட்டாரத்தின் பெரிய வேலைத்தலமாயிற்று. துப்புரவு, சுமை ஏற்றிறக்கல், உணவு தயாரிப்பு ஆகிய வேலைகளில் ஒரே குடும்பத்தின் அண்ணனும் தங்கையும், கணவனும் மனைவியும், சில வீடுகளில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தனர். வேலை காலியாக இருக்கும் செய்தி விளம்பரத்தைக் காட்டிலும் உறவினர் வாய்வழியே வேகமாகப் பரவியது.

உணவுத் தட்டுகளை அடுக்கும் வேலை அப்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் சொந்தப் பிரிவில் நடந்தது. அங்கே வேலை பார்த்தவர் விமான நிறுவனத்தின் ஊழியர். ஓய்வூதியமும் சலுகைப் பயணச்சீட்டும் அவருக்கு உண்டு. ஊருக்குப் போய்வர அந்தச் சீட்டு எவ்வளவு உதவியது என்பதை அறிய, ஆண்டுதோறும் ஜலந்தருக்கும் லூதியானாவுக்கும் போக விரும்பிய குடும்பங்களை நினைத்துப் பார்த்தால் போதும்.

1987இல் தனியார்மயமான பிரிட்டிஷ் ஏர்வேஸ், 1990களின் பிற்பாதியில் தலைமை நிர்வாகி பாப் அய்லிங் காலத்தில், 100 கோடி பவுண்டு செலவுக் குறைப்புத் திட்டத்தில் இறங்கியது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் 1997 ஜூலையில் நடத்திய வேலைநிறுத்தம் அதன் விளைவு. அதே ஆண்டில் உணவுப் பிரிவு, சுவிஸ்ஏர் குழுமம் 1992இல் தொடங்கிய கேட் குர்மேயிடம் கைமாறியது. பழைய ஊழியரின் பணி நிபந்தனைகளுக்கு, நிறுவனம் கைமாறும்போது ஊழியரைக் காக்கும் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது இல்லை. ஒரே வரிசையில் நின்று ஒரே தட்டை நிரப்பிய இருவர் வெவ்வேறு ஊதியத்தில் வேலை செய்யும் நிலை இப்படி உருவானது.

2001 அக்டோபரில் சுவிஸ்ஏர் நொடித்தது. 2002இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டெக்சாஸ் பசிபிக் குழுமம் கேட் குர்மேயை வாங்கியது. அந்த முதலீட்டுக் குழுமத்தின் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பாண்டர்மன் அதே காலத்தில் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்ஏரின் தலைவராகவும் இருந்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் உணவுச் செலவைக் குறைத்தன. உணவு தந்தவர்களிடம் விலையையும் குறைக்கக் கேட்டன. ஹீத்ரோ பிரிவு ஆண்டுக்கு இரண்டு கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் அடைவதாக 2005இல் நிறுவனம் கூறியது. அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் ஏர்வேஸ். முன்பு சம்பளம் கொடுத்த நிறுவனமே இப்போது வாடிக்கையாளராக நின்று விலையைக் கீழே அழுத்தியது. தொழிலாளர் பேசவேண்டிய இடமும் பணம் தீர்மானிக்கப்படும் இடமும் வேறுவேறாகிவிட்டன.

வேலையும் தொழிலாளரும்

தட்டு, கரண்டி, உப்புப் பொட்டலம், ரொட்டி ஆகியவற்றை அடுக்கி, இழுவறைகளில் வைத்து, தள்ளுவண்டிகளை நிரப்புவது பெண்களின் வேலை. குளிரூட்டப்பட்ட கூடத்தில் பெரும்பாலும் நின்றுகொண்டே செய்வது. நிரப்பிய வண்டிகளை உயர்த்து லாரிகளில் விமானத்தின் கதவு வரை கொண்டு செல்வது ஆண்களான ஓட்டுநர்களின் வேலை; ஊதியம் அவர்களுக்கே கூடுதல். பெண்களின் ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பவுண்டு எனப் பத்திரிகைகள் எழுதின. ஒருவர் நிரப்பவேண்டிய வண்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது என்றும், நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு அனுப்பினர் என்றும் பின்னாளில் பேட்டி தந்த பெண்கள் கூறியுள்ளனர். ஓட்டுநர்களைப் பற்றிய பதிவுகள் இந்த அளவுக்கு விரிவானவையல்ல.

2005 ஆகஸ்ட்

அவ்வாண்டுக் கோடையில் நிறுவனம் நூற்றுக்கணக்கான பணியிடங்களைக் குறைக்கவும் பணி நிபந்தனைகளை மாற்றவும் முன்மொழிந்தது. போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 10, புதன்கிழமை. காலை முறைக்கு வந்தவர்கள், கூடத்தில் ஏறத்தாழ 130 தற்காலிகத் தொழிலாளர் புதிதாக அமர்த்தப்பட்டிருப்பதைக் கண்டனர். நமக்கு ஆட்குறைப்பு, அவர்களுக்கு ஆளெடுப்பா என்று கேட்டு உணவுக்கூடத்தில் திரண்டனர். அடுத்து நடந்தது என்ன என்பதில் கருத்து ஒன்றல்ல. சட்டத்துக்குப் புறம்பான வேலைநிறுத்தம் அது, வேலைக்குத் திரும்புமாறு எச்சரித்தும் கேட்கவில்லை என்பது நிறுவனத்தின் தரப்பு. நிர்வாகத்துடன் பேசப்போன சங்கப் பிரதிநிதிகள் திரும்பி வருவதற்காகவே காத்திருந்தோம், எங்களில் பலருக்கு எச்சரிக்கை புரியவே இல்லை என்பது தொழிலாளர் தரப்பு. மணிக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருந்தனர் என்றும் சிலர் கூறியுள்ளனர்.

அங்கிருந்தவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வாகன நிறுத்துமிடத்தில் நின்ற ஒரு பகுதியினருக்கு அந்தச் செய்தி கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி வழியே சொல்லப்பட்டது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பல நாள் திரும்பத் திரும்ப எழுதியது இந்த ஒலிபெருக்கியைப் பற்றித்தான். பின்முறைக்கு வந்தவர்கள் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் இருந்தோருக்கும் நீக்கக் கடிதம் வீடு தேடிப் போனது. சவுத்ஆலில் ஒரே கூரையின் கீழ் இரண்டு, மூன்று கடிதங்கள் வந்த வீடுகள் உண்டு. நீக்கப்பட்டோர் தொகை முதல் நாளுக்கு 670 எனவும், பின்னர் சேர்ந்தோரையும் கூட்டினால் 813 எனவும் கூறப்படுகிறது.

ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏறத்தாழ 1,000 தரைப்பணியாளர்கள் (பெட்டி சுமப்போர், விமானத்தில் சுமை ஏற்றுவோர், பேருந்து ஓட்டுநர்) வேலையை நிறுத்தினர். அவர்களுக்கும் கேட் குர்மேக்கும் சட்டப்படி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையில் அவர்களில் பலர் நீக்கப்பட்ட பெண்களின் கணவர், சகோதரர், மகன், அண்டை வீட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே நிறுவனத்தில் உடன் வேலை செய்தவர்கள். 1997இன் விற்பனைப் பத்திரம் பணியாளர் பட்டியலை இரண்டாகக் கிழித்ததே தவிர, தெருவையும் வீட்டையும் கிழிக்க முடியவில்லை. இத்தகராற்றின் சாரம் இதுவே எனலாம்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் ஹீத்ரோ விமானங்கள் அனைத்தையும் நிறுத்தியது. அதன் தரைப்பணியை நம்பியிருந்த குவாண்டாஸ், ஃபின்ஏர், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆகியவற்றின் விமானங்களும் நின்றன. ஆகவே, கொழும்புக்குப் போக வந்தவர்களும் ஹீத்ரோவில் மாட்டிக்கொண்டனர். விடுமுறைக் காலத்தின் உச்சம் அது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். நிலையத்துக்கு வெளியே கூடாரங்களும் போர்வைகளும் முளைத்தன. மறுநாள், ஆகஸ்ட் 12 மாலை, பணியாளர்கள் திரும்பினர். விமானங்களும் விமானிகளும் உலகெங்கும் இடம் மாறிக் கிடந்ததால் நிலைமை சீராக மேலும் பல நாள் ஆயிற்று. நட்டம் 4 கோடி பவுண்டு அளவில் மதிப்பிடப்பட்டது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கோடையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தடுமாறியது அது: 2003 ஜூலையில் பயணிகளைப் பதிவு செய்யும் பணியாளர்கள் மின்னட்டை வருகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தினர், 2004இல் ஆள் பற்றாக்குறையால் விமானங்கள் ரத்தாயின. அப்போதைய தலைமை நிர்வாகி ராட் எடிங்டன் விடைபெறும் வேளையில் இருந்தார். வில்லி வால்ஷ் அடுத்துப் பொறுப்பேற்றார்.

மேடும் லங்கரும்

நீக்கப்பட்டவர்கள் பீக்கன் சாலை அருகே விமான நிலைய ஓரத்துப் புல்மேட்டில் திரண்டனர். தார்ப்பாய், மடக்கு நாற்காலி, பதாகை. சல்வார் கமீஸ் அணிந்து, தலையில் துப்பட்டா போர்த்திய நடுவயதுப் பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. அவர்களுக்கு மேலே விமானங்கள் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றில் பல நாள் வரை சூடான உணவு இல்லை.

மேட்டுக்கு உணவு சவுத்ஆலில் உள்ள சீக்கியக் கோயிலான குருத்வாராவின் லங்கர் எனும் இலவச உணவுக்கூடத்திலிருந்து வந்தது. பருப்பு, ரொட்டி, தேநீர். தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் தட்டை நிரப்பிவந்த பெண்களுக்கு லங்கர் சமையற்கூடம் தட்டு நீட்டியதைப் பிற்காலத்தில் எழுதியவர் பெரும்பாலோர் விடாமல் குறிப்பிடுகின்றனர். இங்கும் அதை விட்டுவிட மனம் வரவில்லை.

நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடியது. ஆகஸ்ட் 21 அன்று நீதிபதி ஃபுல்ஃபோர்ட், நுழைவாயிலில் நிற்போர் ஆறு பேருக்கு மேல் இருக்கக்கூடாது எனவும், வேலைக்குச் செல்வோரை மிரட்டக்கூடாது எனவும் தடை விதித்தார். சற்று விலகியிருந்த புல்மேட்டில் கூடுவதை அவர் தடுக்கவில்லை.

திட்டமிட்ட தூண்டலா?

நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றை டெய்லி மிரர் நாளிதழ் அதே மாதம் வெளியிட்டது. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டி, நீக்கி, குறைந்த கூலிக்குப் புதியவர்களை அமர்த்தும் யோசனை 2004ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த ஆவணத்தில் இருந்தது. முந்தைய நிர்வாகிகள் எழுதியது, கைவிடப்பட்டது என்று கேட் குர்மே பதில் கூறியது. நடந்தது திட்டப்படியே நடந்தது என்று சங்கம் வாதிட்டது. இரு தரப்பும் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. ஆவணம் சொன்ன வரிசைக்கும் ஆகஸ்ட் 10இன் வரிசைக்கும் இடையே ஒற்றுமை இருப்பதை மட்டும் மறுக்க இயலாது.

உடன்பாடும் தீர்ப்பாயமும்

தொழிற்சங்கப் பேரவையின் பொதுச் செயலாளர் பிரெண்டன் பார்பர் நடுநின்று பேசினார். சங்கத்தின் பொதுச் செயலாளர் டோனி வுட்லி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் பணியாளர்களின் ஆதரவு வேலைநிறுத்தத்தைச் சங்கம் ஏற்கவில்லை என அறிவிக்க வேண்டியிருந்தது. இல்லையேல் சங்கத்தின் சொத்துக்கே வழக்கு வந்திருக்கும். செப்டம்பர் இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு கணக்கின்படி 272 பேர் மாற்றிய நிபந்தனைகளின் கீழ் திரும்ப எடுக்கப்பட்டனர், 411 பேர் இழப்பீடு பெற்று விலகினர். விருப்பமின்றி வெளியேற்றப்பட்டோர் தொகை 130 எனவும் 144 எனவும் தரப்படுகிறது. முன்னின்று பேசியவர்களே அப்பட்டியலில் அதிகம் இருந்தனர் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் புதிய ஒப்பந்தம் கேட் குர்மேக்குக் கிடைத்தது.

ஐம்பதுக்கு மேற்பட்டோர் உடன்பாட்டில் கையெழுத்திட மறுத்து, தொழிலாளர் தீர்ப்பாயங்களுக்குச் சென்றனர். சங்கத்தின் உதவித்தொகை நின்றது. சங்கமும் கைவிட்டது என்ற மனக்கசப்பு அவர்கள் பின்னர் அளித்த பேட்டிகளில் தெரிகிறது. சங்கத்தின் ஒப்புதலின்றி வேலையை நிறுத்தியவர் நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட முடியாது என்பதே 1992ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் நிலை. எனவே, பெரும்பாலான வழக்குகள் தோற்றன. ஆகஸ்ட் 10 அன்று விடுப்பிலோ நோய்ப்படுக்கையிலோ இருந்ததாக நிறுவிய சிலர் வென்றனர்.

சட்ட விவாதம்

இத்தகராறு 1976 முதல் 1978 வரை வடமேற்கு லண்டனில் ஜெயாபென் தேசாய் முன்னின்ற கிரன்விக் புகைப்பட ஆய்வக வேலைநிறுத்தத்துடன் ஒப்பிடப்படுகிறது. அப்போது அஞ்சல் பணியாளர்கள் கிரன்விக்கின் தபாலைத் தொட மறுத்தனர், சுரங்கத் தொழிலாளர் வந்து நின்றனர். மார்கரெட் தாட்சர் அரசின் சட்டங்கள் அத்தகைய ஆதரவைப் படிப்படியாக நெருக்கின. 1990ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் வேறொரு முதலாளியின் தொழிலாளருக்காக வேலைநிறுத்தம் செய்வதை முழுவதும் பாதுகாப்புக்கு வெளியே தள்ளியது. ஒரு நிறுவனம் தன் பிரிவை விற்றுவிட்டால், நேற்றுவரை உடன் வேலை செய்தவரும் சட்டத்தின் கண்ணில் வேற்று முதலாளியின் ஆள். அவுட்சோர்சிங்கும் இந்தச் சட்டமும் சேர்ந்தபோது ஒன்றின் வலுவை மற்றது பெருக்கியது. 2005 செப்டம்பரில் கூடிய தொழிற்கட்சி மாநாடு ஆதரவு வேலைநிறுத்தத்தைச் சட்டப்படி அனுமதிக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே கட்சியின் டோனி பிளேர் அரசு அதை ஏற்கவில்லை.

பிற்காலம்

சங்கம் 2007இல் அமிகஸுடன் இணைந்து யுனைட் ஆயிற்று. கேட் குர்மேயின் தாய் நிறுவனம் 2016இல் சீனாவின் ஹெச்என்ஏ குழுமத்துக்கும் 2019இல் ஆர்ஆர்ஜே கேபிடலுக்கும் கைமாறியது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஹீத்ரோ உணவு ஒப்பந்தம் 2020இல் ஆஸ்திரியாவின் டோ அண்டு கோ நிறுவனத்துக்குப் போயிற்று. சுந்தரி அனிதாவும் ரூத் பியர்சனும் கிரன்விக் முதல் கேட் குர்மே வரையிலான தெற்காசியப் பெண் தொழிலாளரின் போராட்டங்களைத் தொகுத்த நூல் 2018இல் வெளிவந்தது. அப்பெண்களின் சொந்தக் குரலை அறிய விரும்புவோர் அதையே முதலில் பார்க்க வேண்டும். 2022 மார்ச் 17 அன்று பி அண்டு ஓ படகு நிறுவனம் 786 மாலுமிகளைக் காணொளி வழியே நீக்கி முகவர் ஆட்களை அமர்த்தியபோது இத்தகராறு மீண்டும் பேசப்பட்டது. ஆதரவு வேலைநிறுத்தத்துக்கு 1990இல் வந்த தடை பிரிட்டனில் நீக்கப்படவில்லை.