சகோதரர், பங்காளி, பங்கு

கத்தோலிக்கக் கோயில்களில் மறையுரை பெரும்பாலும் 'சகோதர சகோதரிகளே' என்றுதான் தொடங்கும். வடமொழியில் 'ஸஹ' என்றால் கூட. 'உதரம்' என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவர் சகோதரர். பவுல் தம் கடிதங்களில் ஓயாமல் சொல்லும் 'அதெல்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் அதுவே. யூதரையும் கிரேக்கரையும், அடிமையையும் ஆண்டானையும் ஒருசேர அப்படி அழைத்தது அன்றைக்குப் பெரிய துணிச்சல். எல்லாரும் திருமுழுக்கில் மறுபடி பிறந்தவர்கள் என்பதே அதற்கு அன்றைய கிறிஸ்தவர்கள் காட்டிய நியாயம். பேதுருவின் முதல் கடிதத்தில் சகோதரத்துவம் எனப் பொருள்படும் 'அதெல்போதேஸ்' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. இன்று சகோதரத்துவம் என்றால் ஒரு நல்லுணர்வை நினைக்கிறோம். அங்கே அந்தச் சொல் குறிப்பது உணர்வை அல்ல, கண்ணெதிரே கூடியிருக்கும் ஆட்களை.

நம் ஊர்ப்பேச்சில் தந்தைவழி உடன்பிறப்புக்கு வேறொரு பெயர் உண்டு: பங்காளி. நிலத்திலும் கிணற்றிலும் குலசாமியிலும் பங்குள்ளவன், சாவு விழுந்தால் தீட்டிலும் பங்குள்ளவன். கத்தோலிக்கத் தமிழோ ஒரு குருவின் பொறுப்பிலுள்ள மக்கள் கூட்டத்தையே 'பங்கு' என்கிறது. பங்குத்தந்தை, பங்குமக்கள் எல்லாம் அதன் வழி வந்தவை. முன்பு இதற்கு 'விசாரணை' என்ற சொல் வழங்கியது. விசாரணைக் குரு என்றால் மேலிருந்து விசாரிப்பவர். பங்கு என்றதும் உரிமை மக்கள் பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு பங்கில் சகோதரத்துவம் இருக்கிறதா என்பதை அழைக்கும் சொல்லை வைத்து அளக்க முடியாது. திருவிழா வரியை யாரிடம் வாங்குகிறார்கள், தேர் எந்தத் தெருவரை போகிறது, பாடை எந்த வழியாக வருகிறது, கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்று பார்க்க வேண்டும். வரி வாங்க மறுப்பதை வெளியூர்க்காரர் சலுகை என்று நினைக்கக்கூடும். ஊருக்குத் தெரியும், வரி இல்லாதவனுக்குத் திருவிழாவில் இடமும் இல்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் இதற்குச் சரியான சாட்சி. 1870-களில் அங்கே எழுந்த திருக்குடும்பக் கோயிலுக்கு ஒரே பீடம், இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரு கால்கள்போல அவை பிரிந்து போகும். வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குரு இரு சாராருக்கும் தெரிவார். ஒரு சாராருக்கு மறுசாரார் தெரியமாட்டார்கள். 1910-இல் கௌசானல் அடிகள் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்ற அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்டதைத் தரவில்லை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் சுவரையே தங்கள் உரிமை என்று வழக்காடினார்கள் என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடுவது.

பங்காளி என்றாலே சண்டைதானே என்று கேட்கலாம். சண்டை வரும், ஆனால் பங்கு இல்லாதவனோடு யாரும் பங்குச்சண்டை போடுவதில்லை. பெண்களுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை என்பது இன்னும் கனமான குறை. அதை ஒப்புக்கொள்கிறேன், 'சகோதரி' என்ற சொல்லை அதனால்தான் கைவிடக்கூடாது. கூர்மையான மறுப்பு வேறொன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட 'பிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடல், ஆதாயத்துக்காகச் சேரும் கூட்டாளிகளை அயலாரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பங்கு பங்கு என்று பேசினால் சகோதரத்துவம் வெறும் கூட்டு வியாபாரம் ஆகிவிடாதா? ஆகாது. கூட்டாளி முதல் போட்டுப் பங்கு வாங்குகிறான். பங்காளிக்குப் பிறந்ததுமே பங்கு உண்டு. திருமுழுக்கும் அப்படித்தான், தகுதி பார்த்துத் தரும் பங்கு அல்ல.

பங்கு மறுக்கப்படுவது கோயிலுக்குள் மட்டுமல்ல. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இழந்தார்கள். அதைத் திருப்பித் தரும்படி திருச்சபை அரசிடம் கேட்பது முழுக்க நியாயம். அதே நியாயத்தோடு, தனிக் கல்லறையும் தனிப் பாடை வழியும் இன்னும் வைத்திருக்கும் பங்குகள் அவற்றை இப்போதே ஒழிக்க வேண்டும். ஆயர்கள் அதை ஆணையாகவே இட வேண்டும்.